ஒன்றும் கொடுக்கப்படாத பள்ளிக்கூடம்

கேரளத்தில் சாந்தன்பாறைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் தமிழ்வழிப் பள்ளிக்கு முதலில் டீ-ஷர்ட்டுகள்தான் வந்து சேர்ந்தன. மனநல ஆராய்ச்சி அதற்குப் பின்னால் ஒரு ஜீப்பில் வந்தது.

மஞ்சள் டீ-ஷர்ட்டுகள். முதுகில் 'நான் இணை ஆய்வாளர்' என்று அச்சடித்திருந்தது. பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றி ஆராயத் தலைநகரில் ஒரு மையம் இருந்தது. அதன் இயக்குநர் டாக்டர் ஜோபி, அட்டை கடிக்காமலிருக்க முழங்கால் வரை துணி உறை கட்டிக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினார். காலை வணக்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தார். அவருக்குத் தமிழ் தெரியும் என்று அவரே சொன்னார்.

"பண்டு ஆராய்ச்சி என்னு சொன்னா, பெரியவங்க குழந்தைகளெப் பத்திச் செய்யறது. இனி அப்படியல்ல. குழந்தைகளும் கூட இருந்து செய்யும். என்ன செய்யணும்னு நிங்கதான் தீர்மானிக்கணும், கேட்டோ. என்ன தீர்மானிக்கணும்னு நாங்க எழுதிக் கொண்டு வந்திருக்கோம்."

தலைமையாசிரியர் யாக்கோபு சார் கை தட்டினார். ஆகவே எல்லோரும் தட்டினார்கள்.

இணை ஆய்வாளர்களைத் தேர்ந்தெடுப்பதில் சிரமம் இருக்கவில்லை. டீ-ஷர்ட் எல்லாம் ஒரே அளவில் வந்திருந்தது. யாருக்குச் சரியாக இருந்ததோ அவர்கள் ஆய்வாளர்கள். ஒன்பதாம் வகுப்பில் பூமாரிக்கும் சுடலைமணிக்கும் சரியாக இருந்தது. சுடலைமணி பள்ளியிலேயே பெரிய சேட்டைக்காரன். பூமாரிக்கு எதிலும் மாட்டிக்கொள்ளாமல் பின்வரிசையில் இருப்பதுதான் பிடிக்கும். முதுகு முழுக்க மஞ்சளாக இருந்தால் அது நடக்காது.

அவளுக்கு ஏற்கெனவே ஒரு கவலை இருந்தது. அவள் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் இந்து. இந்துவின் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனதிலிருந்து இந்து தோட்டத் தொழிலாளர் லயத்தில் மாமா வீட்டில் இருந்தாள். முதலில் பேச்சைக் குறைத்தாள். பிறகு சோற்றைக் குறைத்தாள். பிறகு பள்ளிக்கு வருவதையே குறைத்தாள். இந்த நிலையில் அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆள், ஜெஸ்னா டீச்சர். பிள்ளைகளிடம் மனம்விட்டுப் பேசுவதற்கென்றே அரசு போட்ட கவுன்சிலிங் டீச்சர். ஏலப்பாறையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் பஸ் மாறி மாறி வருவார். பழைய உலக வரைபடங்கள் வைத்திருந்த அறைதான் அவருடையது. இந்து அங்கே போய் உட்காருவாள். சில நாள் பேசுவாள். பேசிய நாளில் மத்தியானம் சாப்பிடுவாள். பூமாரி இதைக் கவனித்து வைத்திருந்தாள்.

முதலில் வினாத்தாள் கொடுத்தார்கள். மலையாளத்தில் தயாரித்த வினாத்தாள். தமிழ்ப் பிள்ளைகளுக்காக அதைத் தமிழ் எழுத்துக்கு மாற்றியிருந்தார்கள். எழுத்தை மட்டும்.

முதல் கேள்வி: 'கடந்த மாதம் எத்தனை முறை உங்களுக்கு விஷமம் உண்டாயிற்று?'

மலையாளத்தில் விஷமம் என்றால் வருத்தம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விஷமம் என்றால் வேறு. வகுப்பில் பேனாக்கள் நின்றன. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறதே என்று பலர் 'ஒருமுறைகூட இல்லை' என்று போட்டார்கள். சுடலைமணி மட்டும் உண்மையை விரும்புகிறவன். 'தினமும் பலமுறை' என்று போட்டுவிட்டு, இடம் பற்றாமல் விவரங்களைப் பின்பக்கத்தில் எழுதினான். அவனைப் பார்த்துத் தைரியம் வந்த பையன்கள் தங்கள் பங்குக்கும் எழுதினார்கள்.

இன்னொரு கேள்வி: 'மனம் திறந்து பேச உங்களுக்கு அவசரம் உண்டா?' மலையாளத்தில் அவசரம் என்றால் சந்தர்ப்பம்; அது இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். மத்தியான இடைவேளை முடிந்து வெகுநேரம் ஆகியிருந்ததால் எல்லோருக்கும் அவசரம் இருந்தது. எல்லோரும் 'மிகவும்' என்று போட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் முடிவு வந்துவிட்டது. சுடலைமணி அந்த மாவட்டத்திலேயே மிகவும் துயருற்ற மாணவன். டாக்டர் ஜோபி அவன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். சுடலைமணி பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"இந்தச் சிரிப்புக்குப் பின்னால எத்தனை வேதனை!" என்று டாக்டர் ஜோபி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இந்து ஒரு விஷமமும் செய்யாதவள். 'ஒருமுறைகூட இல்லை' என்று போட்டிருந்தாள். ஆகவே மாவட்டத்திலேயே மிக மகிழ்ச்சியான மாணவி அவள்தான். அந்தச் செய்தியை அவளிடம் சொன்னபோது அவள் ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூமாரி தயங்கித் தயங்கி டாக்டர் ஜோபியிடம் போனாள். "சார், விஷமம்னா தமிழ்ல சேட்டை சார்."

"மோளே, ஃபார்ம் தமிழ்லதானே இருக்கு? நோக்கு. எல்லாம் தமிழ் எழுத்து."

நோக்கினாள். எல்லாம் தமிழ் எழுத்துதான்.

பிள்ளைகள் இவ்வளவு விஷமத்தை ஒப்புக்கொண்ட செய்தி யாக்கோபு சார் காதுக்கும் போனது. பின்பக்கத்தில் சுடலைமணி எழுதிய விவரங்களில் தன்னுடைய காணாமல்போன குடையும் இருந்ததை அவர் அறிந்தார். மறுநாள் கூட்டத்தில், "இன்னொரு தடவ எவனாச்சும் அந்தக் கேள்விக்கி 'ஒருமுறை'ன்னு போட்டாக்கூட, அப்பன் ஆத்தாவக் கூட்டிட்டுத்தான் உள்ள வரணும்" என்றார்.

அடுத்த வாரம், ஆராய்ச்சியில் எந்தப் பள்ளிக்கு என்ன பங்கு என்று குலுக்கல். பாயச வாளியில் இரண்டு சீட்டு. மலைக்குக் கீழே இருக்கும் ஒரு மலையாளப் பள்ளியும் இந்தப் பள்ளியும் போட்டி. சுடலைமணி கையை விட்டு எடுத்தான். இந்தப் பள்ளியின் பெயருக்கு நேரே 'கன்ட்ரோல்' என்று இருந்தது.

யாக்கோபு சாருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "கன்ட்ரோல் ஸ்கூல்! நான் இங்க வந்த நாள்ல இருந்து கன்ட்ரோல்லதான வச்சிருக்கேன். இப்பத்தான் கவர்மெண்டுக்குக் கண்ணு தெரிஞ்சிருக்கு" என்றார். எல்லோருக்கும் மிட்டாய் கொடுக்கச் சொன்னார்.

டாக்டர் ஜோபி விளக்கினார். "ஒரு ஸ்கூல்ல சகல உதவியும் கொடுப்போம். மற்றதுல ஒண்ணும் கொடுக்கமாட்டோம். அதுதான் கன்ட்ரோல். பின்னெ ரெண்டையும் சேர்த்து நோக்கினா உதவிக்குப் பலன் உண்டா இல்லையான்னு தெரியும்."

பூமாரி எழுந்து நின்றாள். நிற்க வேண்டும் என்று நினைக்கவில்லை, கால் நின்றுவிட்டது. "ஒண்ணும் குடுக்காத ஸ்கூல்ல யாருக்காச்சும் உதவி வேணும்னா சார்?"

"வெரி குட் கொஸ்டின்! கட்டாயம் வேணும். அப்படி யாராவது இருந்தாத்தான் ஆராய்ச்சி சரியாவும்."

அன்றே ஜெஸ்னா டீச்சரின் அறை பூட்டி அரக்கு வைக்கப்பட்டது. ஆனால் டீச்சரை வேலையிலிருந்து எடுக்கும் அதிகாரம் மையத்துக்கு இல்லை. அதனால் அவர் வழக்கம்போல வரலாம், கையெழுத்துப் போடலாம், வராந்தாவில் உட்காரலாம். எந்தப் பிள்ளைக்கும் ஆறுதல் சொல்லக் கூடாது. சிரிப்பது பற்றி முதலில் தெளிவில்லாமல் இருந்தது. தலைநகரத்துக்கு எழுதிக் கேட்டதில், பொதுவாகச் சிரிக்கலாம், ஒரு பிள்ளையைக் குறிப்பாகப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று பதில் வந்தது.

இதையெல்லாம் கண்காணிக்க டிஜோ என்ற இளைஞனை விட்டுவிட்டுப் போனார்கள். ஆலப்புழைக் கடலோரத்துப் பையன். கையில் ஒரு விசில். பள்ளி வளாகத்துக்குள் யாராவது எந்தப் பிள்ளைக்காவது ஆறுதல் கொடுத்தால் அதற்குப் பெயர் லீக். லீக் கண்டால் ஊத வேண்டும்.

முதல் வாரம் முழுக்க விசில்தான். சத்துணவு அக்கா மெலிந்த பையனுக்கு இன்னொரு கரண்டி சாம்பார் விட்டாள். விசில். விழுந்த பிள்ளையைத் தூக்கி "ஒண்ணுல்ல ஒண்ணுல்ல" என்றார் கணக்கு சார். விசில். இரண்டு சின்னப் பிள்ளைகள் தோளில் கை போட்டுக்கொண்டு போனார்கள். விசில் ஊதிப் பிரித்துவிட்டான். பிரித்தால் அழுதார்கள். அழுகைக்கு விசில் இல்லை. அழுகை ஆராய்ச்சிக்கு நல்லது.

ஒரு மத்தியானம் இந்து வராந்தாவில் ஜெஸ்னா டீச்சருக்கு எதிரே போய்ச் சும்மா நின்றாள். டீச்சர் பொதுவாகச் சிரித்தார். இந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

இதைச் சொல்லிவிட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில்தான் பூமாரி போடிமெட்டுப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் நடந்த 'இளையோர் குரல்' கூட்டத்துக்குப் போனாள். காது கொடுத்துக் கேட்பது எப்படி என்று டாக்டர் ஜோபி பேசினார். காலையில் ஆரம்பித்தார். சாப்பாட்டு மணி அடித்தும் பேசினார். நடுவில் சுடலைமணி கையைத் தூக்கியபோது, "கேள்விகள் கடைசியில்" என்றார். கேட்பது பற்றிச் சொல்ல வேண்டியது மிச்சம் இருந்ததால் கடைசி வரவே இல்லை.

டீக்கு எழுந்த நேரத்தில் பூமாரி அவரை மறித்தாள். "சார், எங்கூட இருக்கற இந்துக்கு ரொம்பச் சரியில்ல சார். ஸ்கூலுக்கே வரமாட்டேங்கா. ஜெஸ்னா டீச்சர் ஒரு வார்த்த பேசினாப் போதும் சார்."

டாக்டர் ஜோபியின் முகம் மலர்ந்தது. "இது! இதுதான் இளையோர் குரல்!" என்று எல்லோரையும் கூப்பிட்டார். பூமாரி சொன்னதை ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி, 'குரல் சுவர்' என்று பெயர் வைத்திருந்த பெரிய தாளில் ஒட்டினார்கள். அவளை அதற்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பிறகு சுவரைச் சுருட்டி ஜீப்பில் வைத்தார்கள்.

"பதில் எப்ப சார் வரும்?"

"ஆராய்ச்சிப் பேப்பர் வெளிவரும்போது வரும் மோளே. மூணு வருஷம், கூடிப்போனா நாலு. உன் பேரும் நன்றியுரையில இருக்கும்."

திரும்பும் வழியில் சுடலைமணி, "ஏட்டி, அந்த ஆளு குடையையும் எடுத்துருவமா?" என்று கேட்டான். அவளுக்கு அவன் கேட்டது தப்பாகத் தோன்றவில்லை.

மறுநாள் மழை. பூமாரி பள்ளிக்குள் நுழையும்போது சமையற்கட்டுப் படியில் டிஜோ உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் ஓடியது. வீட்டில் அம்மாவிடம் பேச வேண்டும் என்று டவர் தேடி மூன்று குன்று ஏறியிருக்கிறான். கிடைத்ததும், "மோனே, நீ அங்க என்ன வேலைடா பாக்குற?" என்று அம்மா கேட்டாளாம். பதில் சொல்வதற்குள் டவர் போய்விட்டது. பதில் என்னவென்று அவனுக்கு இப்போதும் தெரியவில்லை.

ஜெஸ்னா டீச்சர் வராந்தாவிலிருந்து எழுந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் பழக்கதோஷத்தில் விசிலை வாயில் வைத்தான்.

"தம்பி, நீங்க மாணவரா?" என்றார் டீச்சர்.

"அல்ல."

"அப்ப ஒங்களுக்கு ஆறுதல் சொன்னா லீக் ஆகாதுல்ல?"

டிஜோ யோசித்தான். விசிலை எடுத்துவிட்டு, "ஆகாது டீச்சர். எனக்குக் கொஞ்சம் சொல்லுங்க" என்று மறுபடி அழுதான்.

பூமாரி புத்தகப் பையைப் போட்டுவிட்டு மழையில் ஓடினாள். லயத்தில் போர்வைக்குள் கிடந்த இந்துவை எழுப்பி, "எந்திரிடி, டிஜோ சார் அழுதுட்டு இருக்காரு, வா பாக்கலாம்" என்றாள். எதற்கும் எழாத இந்து இதற்கு எழுந்தாள். ஊதுகிற ஆள் அழுவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

டிஜோவின் ஒரு பக்கம் டீச்சர், மறுபக்கம் இந்து. டீச்சர் இந்துவைப் பார்த்தார். பிறகு டிஜோ பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"டிஜோ சார், காலையில சாப்பிட்டீங்களா?"

"புட்டும் கடலையும்..."

பூமாரி பின்னாலிருந்து அவன் சட்டையை இழுத்தாள்.

"இல்ல" என்றாள் இந்து.

டிஜோ இந்துவைப் பார்த்தான். டீச்சரைப் பார்த்தான். படித்த பையன், புரிந்துகொண்டான். "இல்ல டீச்சர். சாப்பிடல" என்றான்.

"அம்மா போன் பண்ணாங்களா டிஜோ சார்?"

"பண்ணாங்க. நான் எடுக்கல" என்றாள் இந்து.

"ஏன் எடுக்கல டிஜோ சார்?"

இந்து படியில் தேங்கிய மழைநீரை விரலால் தள்ளிவிட்டாள். "எடுத்தா அழுதுருவேன். நான் அழுதா அம்மா அங்க வேலய விட்டுட்டு வந்துரும்."

"வந்தா?"

"வந்தா..." இந்து தரையைப் பார்த்தாள். "வந்தா நல்லாருக்கும் டீச்சர்."

அதற்குப் பிறகு அவள் அழுதாள். டிஜோவும் அழுதான். டீச்சர் டிஜோவின் முதுகைத் தடவ, டிஜோ இந்துவின் முதுகைத் தடவினான். விதிகளில் இதற்குத் தடையில்லை. ஆறுதல் கொடுத்தது கண்காணிப்பாளருக்கு. அவர் வழியாகக் கொஞ்சம் போயிருந்தால் அதற்கு டீச்சர் பொறுப்பில்லை.

மத்தியானம் இந்து இரண்டு தடவை சோறு வாங்கினாள். யாரும் ஊதவில்லை.

செய்தி பரவியது. அடுத்த முறை டீச்சர் வந்த நாளில் சமையற்கட்டுப் படியில் பெரிய வரிசை நின்றது. ஒவ்வொரு பிள்ளையாக வந்து டிஜோ பக்கத்தில் உட்கார, டீச்சர் டிஜோவிடம் கேட்டார். "டிஜோ சார், அப்பா குடிச்சிட்டு வந்தா எங்க போய் ஒளிஞ்சுக்குவீங்க?" "டிஜோ சார், பரீட்சைன்னா ஏன் வயித்த வலிக்குது?" ஒரு நாள் டிஜோவுக்கு வயசுக்கு வந்துவிட்டது பற்றிய பயம்கூட இருந்தது. எல்லாவற்றுக்கும் அவன் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு தலையாட்டினான். பள்ளி முழுவதற்குமான ஆறுதல் அவன் ஒருவன்மேல் இறங்கியதில் ஆள் பூரித்துவிட்டான். கன்னத்தில் சதை வைத்தது. பாட்டுப் பாட ஆரம்பித்தான். ஒரு சாயங்காலம் யாக்கோபு சாரே சுற்றிலும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "டிஜோ சாருக்கு ரிட்டயர்மெண்ட நெனச்சா பயமா இருக்காம்" என்று டீச்சரிடம் மெல்லச் சொன்னார்.

பருவமழை முடிந்து டாக்டர் ஜோபி திரும்பி வந்தார். மறுபடி அதே வினாத்தாள். யாக்கோபு சார் சொல்லியிருந்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. சுடலைமணி உட்பட ஒருவர் பாக்கியில்லாமல் 'விஷமம் ஒருமுறைகூட இல்லை' என்று போட்டார்கள். பள்ளியில் துயரம் அடியோடு ஒழிந்திருந்தது.

கீழே உதவி கொடுத்த பள்ளியில் பிள்ளைகள் மலையாளத்தில் கேள்வியைப் புரிந்துகொண்டு, கேட்க ஆள் இருக்கிறதே என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார்கள். அங்கே துயரம் கூடியிருந்தது.

மேடை போட்டார்கள். டாக்டர் ஜோபி மைக்கைப் பிடித்தார். "என் இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ரிசல்ட் கண்டதில்ல. உதவி கொடுத்த இடத்துல வருத்தம் கூடி. ஒண்ணும் கொடுக்காத இடத்துல வருத்தமே இல்ல! அப்போ குழந்தைகளுக்கு எல்லாத்துலயும் நல்லது எது? ஒண்ணும் கொடுக்காம இருக்கறது! செலவு இல்ல. டிரெய்னிங் வேண்டா. இது நாங்க பண்டு முதலே செய்து வர்றதுதான், ஆனா அதுக்கு இப்பத்தான் சயன்ஸ் கிடைச்சிருக்கு. இனி எல்லா ஸ்கூலுக்கும் இதுதான் மாடல். கவுன்சிலிங் டீச்சர்மாரெ எல்லாம் திரும்பி அழைக்கும்படி சிபாரிசு செய்யப்போறேன். ஜெஸ்னா டீச்சர்லேர்ந்து தொடங்கலாம்."

யாக்கோபு சாரின் கை தட்டுவதற்காக உயர்ந்து பாதியில் நின்றது. ஆகவே யாரும் தட்டவில்லை. கீழே இந்து பக்கத்திலிருந்தவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனி இளையோர் குரல்" என்று பூமாரியை மைக்குக்கு அழைத்தார்கள். சொல்ல வேண்டியதை எழுதிக் கையில் கொடுத்திருந்தார்கள். 'மையத்துக்கு நன்றி' என்று இருந்தது. அவள் அதைப் படிக்கவில்லை. மடித்து வைத்துக்கொண்டாள்.

"சார், ஒரு சந்தேகம். இந்த ஸ்கூல்ல ஒண்ணும் குடுக்காம இருந்தது யாரு சார்?"

"யாருன்னா?"

"ஜெஸ்னா டீச்சர்தான சார்? வராந்தாவுல உக்காந்து தவறாம ஒண்ணும் குடுக்காம இருந்தது அவங்கதான். அவங்களக் கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னா, அப்புறம் இங்க யாரு சார் குடுக்காம இருப்பா?"

டாக்டர் ஜோபி கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். சுடலைமணி எழுந்து, "ஆமா சார், குடுக்க ஆளே இல்லாட்டி அது குடுக்காததுல சேராது சார்" என்றான்.

டிஜோ மேடைக்கே ஏறிவிட்டான். "சார், ரிசல்ட் கிடைச்ச மாடல்ல ஒரு ஸ்க்ரூகூட மாற்றக் கூடாதுன்னு புரோட்டோகால்ல உண்டு" என்றான். அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் டாக்டர் ஜோபி புரோட்டோகாலை எழுதியவர், படித்தவர் அல்ல.

"கரெக்ட்!" என்று மேசையைத் தட்டினார் அவர். "ஒண்ணும் கொடுக்காம இருக்கறதுக்கு அனுபவம் உள்ள ஆள் வேணும். வாரத்துல ரெண்டு நாள் கொடுக்காம இருந்ததுக்கே இத்தனை பலன்னா, அஞ்சு நாளும் கொடுக்காம இருந்தா எப்படி இருக்கும்!"

ஒரு மாதத்துக்குள் உத்தரவு வந்தது. ஜெஸ்னா டீச்சருக்கு அதே பள்ளியில் முழுநேரப் பணி, 'உதவியின்மை ஒருங்கிணைப்பாளர்'. உதவி கொடுக்காமல் இருப்பதற்குத் தனி அறை தேவை என்பதால் அரக்கை உடைத்து வரைபட அறையைத் திறந்துவிட்டார்கள். எந்தப் பிள்ளை வந்தாலும் எவ்வளவு நேரம் ஆனாலும் உட்கார வைத்து உதவி கொடுக்காமல் அனுப்ப வேண்டும் என்று உத்தரவில் தெளிவாக இருந்தது.

முதல் நாள் முதல் ஆளாக இந்து போனாள். முந்தின நாள் அம்மாவின் போனை எடுத்திருந்தாள். அம்மா வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு "சாப்ட்டியா புள்ள" என்று சொல்லப் பழக்கியிருக்கிறாளாம். அவர்கள் போனில் மாறி மாறி அதையே சொன்னதை இந்து சொல்லிக் காட்டினாள். உள்ளே சிரிப்புச் சத்தம் வெளியே வரை கேட்டது. வெளியே வராந்தாவில் வரிசை நீண்டிருந்தது. பூமாரி நடுவில் நின்றாள். அவளுக்கும் சொல்ல ஒன்றிரண்டு இருந்தது.

அன்று பார்வையிட வந்திருந்தார் டாக்டர் ஜோபி. ஜீப் காத்து நின்று வெகுநேரமாகியும் அவர் ஏறவில்லை. அங்குமிங்கும் நடந்தார். மலையைப் பார்த்தார். போனை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். பிறகு வரிசையின் கடைசியில் நின்றிருந்த சுடலைமணிக்குப் பின்னால் வந்து நின்று, மெல்லக் குனிந்து கேட்டார்.

"மோனே, இங்க... பெரியவங்களுக்கும் ஒண்ணும் கொடுக்கமாட்டாங்க, அல்லே?"

சுடலைமணி திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தான். "யாருக்கும் ஒண்ணும் கெடையாது சார்" என்றான். பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். "நீங்க முன்னால நில்லுங்க. எனக்கு அவசரமில்ல."